கடுவன் முக்கினால் விளக்கெண்ணெய் வேண்டாம்: பூனைகளுக்கு வரும் நோய்கள்

கன்னங்குறிச்சியிலிருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: “வீட்டில் இரண்டு பூனைகள். ஒன்று ஒன்றரை வயதுக் கடுவன். இன்னொன்று போன வாரம் ஏற்காடு அடிவாரத்தில் கிடைத்த பெட்டைக் குட்டி, இரண்டு மாதம் இருக்கும். பூனைகளுக்குப் பொதுவாக என்னென்ன நோய் வரும், எதை வீட்டிலேயே பார்த்துக்கொள்ளலாம், எதற்கு டாக்டரிடம் ஓட வேண்டும்? நேற்றிலிருந்து கடுவன் மலச்சிக்கல் மாதிரி முக்கிக்கொண்டே இருக்கிறான். விளக்கெண்ணெய் கொடுக்கலாமா?”

கடைசிக் கேள்விக்குத்தான் முதல் பதில். விளக்கெண்ணெய் கொடுக்காதீர்கள். இதைப் படிப்பதை நிறுத்திவிட்டு அவன் மலம் மூத்திரம் போகும் மண் தட்டைப் போய்ப் பாருங்கள். இன்று காலையிலிருந்து மூத்திரத்தில் நனைந்து திரண்ட ஈர உருண்டை புதிதாக ஏதாவது இருக்கிறதா? இல்லையென்றால், அல்லது இரண்டு மூன்று சொட்டு மட்டும் அங்கங்கே நனைந்திருந்தால், கூடையில் வைத்துக்கொண்டு இப்போதே டாக்டரிடம் கிளம்புங்கள். ராத்திரி ஆகிவிட்டது, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று வைக்க வேண்டாம். மீதியைத் திரும்பி வந்து படிக்கலாம்.

முக்குகிற கடுவனுக்கு அடைபட்டிருப்பது பெரும்பாலும் மலம் இல்லை, மூத்திரம். கடுவன் பூனையின் மூத்திரக் குழாய் நுனியில் மிகவும் ஒடுங்கியிருக்கும். மூத்திரத்தில் உருவாகும் மணல் போன்ற படிகங்களும் சளி மாதிரியான கசடும் சேர்ந்து அங்கே தக்கை போல் அடைத்துக்கொள்ளும். பெட்டைக்குக் குழாய் அகலமும் குட்டையுமாக இருப்பதால் இந்த அடைப்பு வருவது அபூர்வம். முழுதாக அடைத்துவிட்டால் ஒரே நாளில் கழிவெல்லாம் ரத்தத்தில் ஏறத் தொடங்கும். ரத்தத்தில் பொட்டாசியம் கூடக் கூட இதயத் துடிப்பு தளர்ந்துகொண்டே வரும். இரண்டு மூன்று நாளில் உயிர் போய்விடும். வீட்டுக்காரர் பார்ப்பதோ, பூனை தட்டில் போய் உட்காருகிறது, முதுகை வளைத்து முக்குகிறது, ஒன்றும் வரவில்லை, இவ்வளவுதான். அதனால் நூற்றுக்குத் தொண்ணூறு பேர் மலச்சிக்கல் என்றே நினைக்கிறார்கள். அடிக்கடி தட்டுக்குப் போவது, தட்டில் உட்கார்ந்து கத்துவது, பின்பக்கத்தை நக்கிக்கொண்டே இருப்பது, பாத்ரூம் தரையிலோ மெத்தையிலோ சொட்டு சொட்டாகப் போவது, மூத்திரத்தில் ரத்தம் தெரிவது எல்லாம் இதன் அடையாளங்கள். வாந்தியும் சோர்வும் சேர்ந்துவிட்டால் விஷம் ஏறிவிட்டது என்று அர்த்தம்.

சேலத்தில் இருபது வருடத்துக்கு மேலாகக் கால்நடை மருத்துவராக இருக்கிறேன். நாமக்கல் கல்லூரியில் படித்தவன். சில வருடங்களுக்கு முன் அம்மாபேட்டையிலிருந்து ஒரு தறிக்காரர் பழைய வேட்டியில் சுற்றிக்கொண்டு ஒரு செம்பட்டைக் கடுவனைத் தூக்கி வந்தார். மூன்று நாளாக முக்குகிறானாம். பக்கத்து வீட்டில் சொன்னார்கள் என்று இரண்டு வேளை விளக்கெண்ணெய் கொடுத்திருக்கிறார். அடிவயிற்றில் கை வைத்தேன். மூத்திரப்பை சாத்துக்குடி அளவுக்குக் கல்லாக இருந்தது. பூனைக்கு இதயம் நிமிடத்துக்கு 140க்குக் குறையாமல் துடிக்க வேண்டும். அவனுக்கு 90தான் இருந்தது. உடம்பு சில்லிட்டிருந்தது. டியூப் போட்டு மூத்திரத்தை எடுத்தோம், ட்ரிப்ஸ் ஏற்றினோம். அன்று இரவு தாண்டவில்லை. அந்த மனிதர் அவனை அதே வேட்டியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். முதல் நாளே வந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான். முதல் நாளில் வருகிற கடுவன்களில் பெரும்பாலானவை டியூபும் ட்ரிப்ஸுமாக நாலைந்து நாளில் எழுந்து வீட்டுக்குப் போகின்றன. அதனால்தான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

வீட்டில் நீங்களே மூத்திரப்பையைத் தொட்டுப் பார்க்கலாம். பின்னங்கால்களுக்குச் சற்று முன்னால் அடிவயிற்றின் கீழே உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவுங்கள். கெட்டியாக உருண்டை தட்டுப்பட்டால் அதுதான். அமுக்கிவிடாதீர்கள், வெடித்துவிடும்.

இது ஏன் வருகிறது என்று கேட்டால், தண்ணீர் போதாமைதான் பெரிய காரணம். பூனை இயல்பிலேயே குறைவாகத் தண்ணீர் குடிக்கும் பிராணி. எலியும் பறவையும் தின்று, அந்த இறைச்சியில் இருக்கும் ஈரத்திலேயே வாழப் பழகிய உடம்பு அதற்கு. வெறும் காய்ந்த தீவனத்தை மட்டும் போட்டு வளர்க்கும்போது அந்தக் கணக்கு தவறிப்போகிறது. நாலு கிலோ பூனைக்கு உணவில் இருக்கும் ஈரத்தையும் சேர்த்து ஒரு நாளைக்கு ஏறக்குறைய 200 மில்லி தண்ணீர் உள்ளே போக வேண்டும். காய்ந்த தீவனம்தான் போடுகிறீர்கள் என்றால் வெந்நீரில் ஊறவைத்துக் கொடுங்கள். வேகவைத்த கோழியை அந்தத் தண்ணீரோடு கொடுங்கள், உப்பும் மசாலாவும் இல்லாமல். தண்ணீர்க் கிண்ணத்தைச் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே வைக்காமல் வீட்டில் மூன்று நாலு இடத்தில் அகலமான பாத்திரங்களில் வையுங்கள். நம் ஊர் போர் தண்ணீரின் உப்புதான் கல்லுக்குக் காரணமா என்று எல்லோருமே கேட்கிறார்கள். எந்தத் தண்ணீர் என்பதைவிட எவ்வளவு குடிக்கிறது என்பதுதான் முக்கியம். போர் தண்ணீரைத் தொடாத பூனை, நீங்கள் குடிக்கும் நல்ல தண்ணீரை வைத்தால் குடிக்கிறது என்றால் அதையே வையுங்கள்.

இன்னொரு காரணம் மனக்கலக்கம். இளம் பூனைகளுக்குக் கிருமியோ கல்லோ இல்லாமலே மூத்திரப்பை வீங்குவது உண்டு. வீட்டுக்கு வெள்ளையடிப்பது, ஆட்கள் வந்து தங்குவது, புதுப் பூனை வருவது எல்லாம் அதைக் கிளப்பிவிடும். உங்கள் வீட்டில் போன வாரம்தான் குட்டி வந்திருக்கிறது. எனக்கு அதன் மேல் சந்தேகம் இருக்கிறது. இரண்டு பூனைக்கு மூன்று மண் தட்டு என்பது கணக்கு. ஒரே மூலையில் மூன்றையும் வைத்தால் ஒன்று வைத்த மாதிரிதான். பிரித்து வையுங்கள்.

சரி, இப்போது பொதுக் கேள்விக்கு வருகிறேன்.

பூனை நோயைக் காட்டிக்கொள்ளாது. நாய் காலை நொண்டும், அழும், நம் முகத்தைப் பார்க்கும். பூனை பீரோ மேலோ கட்டிலுக்கு அடியிலோ போய்ப் படுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். நம் கண்ணுக்கு அது சோம்பல் மாதிரி இருக்கும். அதனால் தினமும் பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட வேண்டும். எவ்வளவு சாப்பிட்டது, தட்டில் எத்தனை ஈர உருண்டை, மலம் எப்படி இருந்தது, எப்போதும் ஏறும் இடத்துக்கு ஏறுகிறதா. மாதம் ஒரு முறை எடை. நீங்கள் பூனையைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள், பிறகு தனியாக ஏறுங்கள், கழித்துக்கொள்ளுங்கள். நாலு கிலோ பூனை அரை கிலோ குறைந்தால் அறுபது கிலோ மனிதர் ஏழு கிலோவுக்கு மேல் இளைத்த மாதிரி. அப்புறம், தூங்கும்போது மூச்சு எண்ணிப் பாருங்கள். நெஞ்சு ஏறி இறங்குவது ஒன்று. நிமிடத்துக்கு 30க்குள் இருக்க வேண்டும். தொடர்ந்து அதைத் தாண்டினால் இதயத்திலோ நுரையீரலிலோ ஏதோ இருக்கிறது. வாயைத் திறந்து நாய் மாதிரி மூச்சு வாங்கும் பூனையை ஒரு நிமிடம்கூட வீட்டில் வைத்திருக்கக் கூடாது.

சாப்பிடாமல் இருப்பதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். “ரெண்டு நாள் பட்டினி கிடந்தால் தானே சரியாகிவிடும்” என்று மாட்டுக்கும் நாய்க்கும் சொல்கிற மாதிரி பூனைக்கும் சொல்கிறார்கள். பூனைக்கு அது பொருந்தாது. இரண்டு மூன்று நாள் பட்டினி கிடந்தால் உடம்பில் இருக்கும் கொழுப்பு கரைந்து கல்லீரலுக்குப் போய்த் தேங்கிவிடும். குண்டுப் பூனைக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம். முதலில் எதனால் சாப்பிடாமல் இருந்ததோ அது சரியானாலும், கல்லீரல் கெட்டுக் காதுமடலும் ஈறும் மஞ்சளாகும். பெரிய பூனை ஒரு முழு நாள் எதையும் தொடவில்லை என்றால் டாக்டரிடம் காட்டுங்கள். குட்டிக்கு அரை நாளே அதிகம்.

குட்டி என்றதும் என் மனம் பதறுவது ஒரு நோய்க்குத்தான். பான்லூக்கோபீனியா என்று பெயர். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோவின் இனத்தைச் சேர்ந்த வைரஸ். ரத்தத்தின் வெள்ளை அணுக்களையும் குடலின் உள்தோலையும் ஒரே நேரத்தில் அழிக்கும். நேற்று ஓடி விளையாடிய குட்டி இன்று காலை ஒரு மூலையில் சுருண்டிருக்கும். காய்ச்சல், மஞ்சள் நுரை வாந்தி, நாற்றமடிக்கும் கழிச்சல். இந்த நோயில் ஒரு காட்சி உண்டு. ஒரு முறை பார்த்தவர்களுக்கு மறக்காது. குட்டி தண்ணீர்க் கிண்ணத்தின் விளிம்பில் மோவாயை வைத்துக்கொண்டு, குடிக்க முடியாமல், தண்ணீரையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். அப்படி ஒரு குட்டியைப் பார்த்தால் வேறு எதையும் யோசிக்காமல் தூக்கிக்கொண்டு வாருங்கள். வைரஸைக் கொல்ல மருந்து இல்லை. ட்ரிப்ஸ், வாந்தி நிற்க ஊசி, வேறு கிருமி சேராமல் இருக்க ஆன்டிபயாட்டிக் என்று தாங்கிப் பிடித்து, அதன் உடம்பே மீண்டு வரக் காத்திருக்க வேண்டும். சீக்கிரம் வந்தவற்றில் சில பிழைக்கும். தாமதித்தவை பிழைப்பது அரிது.

இந்த வைரஸ் வீட்டுத் தரையிலும் துணியிலும் ஒரு வருடம்வரைகூட உயிரோடு இருக்கும். நம் செருப்பிலேயே வீட்டுக்குள் வரும். அதனால் வெளியே போகாத பூனைக்கும் தடுப்பூசி வேண்டும். இந்த நோய் வந்து குட்டி இறந்த வீட்டில் உடனே அடுத்த குட்டியைக் கொண்டுவர வேண்டாம். துணிக்குப் போடும் ப்ளீச் ஒரு பங்குக்கு முப்பது பங்கு தண்ணீர் கலந்து, பத்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தால் வைரஸ் சாகும். வெறும் சோப்புக்குச் சாகாது. பினாயிலும் டெட்டாலும் பூனைக்கே ஆபத்து. அந்த ஈரத்தில் நடந்து பாதத்தை நக்கினாலே வாய் வெந்துவிடும், கல்லீரலும் கெடும். பூனை இருக்கும் வீட்டில் இவை இரண்டையும் விட்டுவிடுங்கள்.

உங்கள் குட்டிக்கு எட்டு வாரம் ஆகியிருந்தால் முதல் தடுப்பூசி இப்போதே போடலாம். இந்த நோய்க்கும் சளிக்காய்ச்சல் வைரஸ் இரண்டுக்கும் சேர்த்து ஒரே ஊசி. மூன்று நாலு வாரத்துக்கு ஒரு முறை, பதினாறு வாரம் முடியும்வரை திரும்பப் போட வேண்டும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்பு சக்தி உடம்பில் இருக்கும்வரை ஊசி சரியாக வேலை செய்யாது. அது எந்த வாரம் தீரும் என்பது குட்டிக்குக் குட்டி மாறும். அதனால்தான் இத்தனை முறை. ஒரு ஊசி போட்டாயிற்றே என்று நிறுத்திவிட்டவர்களின் குட்டிகளைத்தான் நான் அதிகம் பறிகொடுத்திருக்கிறேன். மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி. ஒரு வயதில் எல்லாவற்றுக்கும் பூஸ்டர்.

சளிக்காய்ச்சல் என்று சொன்னேனே, அது மழைக்காலத்தில் இங்கே சர்வ சாதாரணம். ஏற்காட்டில் எஸ்டேட் வீடுகளில் குளிரும் ஈரமும் சேரும்போது குட்டிகள் கூட்டமாக வந்து நிற்கும். தும்மல், கண் ஒட்டிக்கொள்வது, மூக்கில் பச்சைச் சளி, நாக்கில் புண். காரணம் ஹெர்பிஸ், கேலிசி என்று இரண்டு வைரஸ்கள். பூனைக்கு மோப்பம் போய்விட்டால் பசியும் போய்விடும். சாப்பாட்டை லேசாகச் சூடாக்கி வாசம் வரும்படி கொடுங்கள். வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்த பஞ்சால் கண்ணைத் துடையுங்கள். பாத்ரூமில் வெந்நீர் ஓடவிட்டு அந்த ஆவியில் பத்து நிமிடம் வைத்திருக்கலாம். நெஞ்சில் தடவும் தைலம், கற்பூரம், யூகலிப்டஸ் எண்ணெய் எதுவும் கூடாது. கண்ணில் வெள்ளை படர்ந்தாலோ, சாப்பாடு நின்றாலோ வீட்டு வைத்தியம் போதாது. தெருவில் ஒற்றைக் கண் பூனைகளைப் பார்த்திருப்பீர்கள். குட்டியில் இந்தக் கண்ணோயைக் கவனிக்காமல் விட்டதால் கண் போனவைதான் அவற்றில் நிறைய.

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளக்கூடியவை புழுவும் தெள்ளும்தான், அவற்றுக்கும் மருந்தின் அளவை டாக்டரிடம் கேட்டுக்கொண்டு. குட்டிக்கு உருண்டைப் புழு தாய்ப்பாலிலேயே வந்துவிடும். வயிறு பானை மாதிரி, முதுகெலும்பு துருத்திக்கொண்டு இருந்தால் புழு இருக்கிறது. இரண்டு வாரத்துக்கு ஒரு முறை என்று தொடங்கி, பெரிதானதும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை மருந்து. ஆசனவாயைச் சுற்றி அரிசி மாதிரி ஒட்டிக்கொண்டு நெளிந்தால் அது நாடாப்புழுவின் துண்டு. தெள்ளை விழுங்குவதால் வருவது, அதனால் தெள்ளை ஒழிக்காமல் புழு ஒழியாது. தெள்ளு மொய்த்த சின்னக் குட்டி ரத்தம் வற்றியே செத்துப்போகும். ஈறைப் பாருங்கள், வெளுத்திருந்தால் அவசரம்.

இங்கே ஒரு எச்சரிக்கை. நாய்க்கு உண்ணி போகக் கழுத்தில் விடும் சில சொட்டு மருந்துகளில் பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லி இருக்கிறது. நாய்க்கு ஒன்றும் செய்யாது. பூனைக்குக் கை கால் வெட்டி வலிப்பு வரும். ‘பூனைக்கு’ என்று அட்டையில் போட்டிருக்கும் மருந்தை மட்டும் வாங்குங்கள்.

காதைப் பற்றி ஏற்காட்டுக்காரர்களுக்கு எளிதாகப் புரியவைத்துவிடுவேன். காதுக்குள் ஃபில்டரில் மிஞ்சிய காப்பிச் சக்கை மாதிரி கறுப்பாக உதிர்ந்தால் அது அழுக்கு இல்லை, காது உண்ணி. பஞ்சுக்குச்சியால் குடைந்தால் இன்னும் உள்ளே போகும். காதுமடல் ஓரத்திலும் முகத்திலும் சாம்பல் நிறத்தில் பொருக்குத் தட்டி மடல் தடித்துப்போனால் சொறி. இரண்டையும் கழுத்தில் விடும் சொட்டு மருந்து ஒன்றிரண்டு தடவையில் தீர்த்துவிடும். வேப்பெண்ணெய், மண்ணெண்ணெய் தடவிக்கொண்டு வரும் பூனைகளுக்குச் சொறியைவிட அந்த எண்ணெய்க்கு வைத்தியம் பார்ப்பதுதான் பெரிய வேலையாகிவிடுகிறது. உடம்பில் எது பட்டாலும் பூனை நக்கும், நக்கியது வயிற்றுக்குள் போகும். வட்ட வட்டமாக முடி உதிர்ந்து செதில் தெரிந்தால் படர்தாமரை. அது நமக்கும் ஒட்டும், குழந்தைகளுக்கு முக்கியமாக.

சாப்பாட்டில் நம் வீடுகளில் நடக்கும் பெரிய தவறு தயிர் சாதம். பால் சோறு, தயிர் சோறு, கொஞ்சம் கருவாடு என்றே பல தலைமுறையாகப் பூனை வளர்த்தோம். அந்தக் காலத்துப் பூனை வீட்டில் சோறு தின்றுவிட்டு ராத்திரி போய் நாலு எலி பிடித்தது. சத்து எலியிலிருந்து வந்தது. இன்றைக்கு மாடி வீட்டில் கதவுக்குள் இருக்கும் பூனைக்கு எலி எங்கே? பூனை முழு மாமிசப் பிராணி. டாரின் என்ற சத்தை அதன் உடம்பு போதுமான அளவு தயாரிக்காது, இறைச்சியிலிருந்துதான் வர வேண்டும். அது இல்லாவிட்டால் கண் பார்வை மங்கும், இதயத் தசை தளர்ந்து வீங்கும். இதயத்துக்கு வரும் இந்தக் கேட்டை 1987இல் அமெரிக்காவில் கண்டுபிடித்த பிறகுதான் பூனைத் தீவனங்களில் டாரினைக் கூட்டினார்கள். கேரட்டிலிருந்து வைட்டமின் ஏ எடுத்துக்கொள்ளவும் பூனைக்கு முடியாது. சைவ வீடாக இருந்தால் கோழி சமைக்க வேண்டியதில்லை, பூனைக்கென்று தயாரித்த முழுச் சத்துத் தீவனத்தை வாங்கிப் போடுங்கள். பால் பெரும்பாலான பெரிய பூனைகளுக்குச் செரிக்காது, வயிறு போகும். கருவாட்டில் உப்பு அதிகம். வெறும் பச்சை மீனையே தினமும் போட்டால் சில மீன்களில் இருக்கும் ஒரு பொருள் பி1 சத்தை அழித்துவிடும். தலை கவிழ்ந்து, கழுத்து வளைந்து, வலிப்பில் கொண்டுபோய் விடும். மத்தியோ நெத்திலியோ, வேகவைத்துக் கொடுங்கள். வெங்காயமும் பூண்டும் பச்சையாக இருந்தாலும் வெந்திருந்தாலும் பூனையின் சிவப்பணுக்களை உடைக்கும். மிஞ்சிய சாம்பார், கோழிக் குழம்புச் சாறு எல்லாம் இதனால்தான் கூடாது.

நூல் பற்றிச் சொல்லாமல் சேலத்துப் பூனைகளைப் பற்றிப் பேச முடியாது. வ.உ.சி. பூ மார்க்கெட்டுக்குச் சரம் கட்டிக் கொடுக்கும் ஒரு அம்மா, நாலு நாளாக வாந்தி எடுக்கிறாள் என்று ஒரு சாம்பல் நிறப் பெட்டையைக் கொண்டுவந்தார். வயிற்றைத் தொட்டால் கத்தினாள். வாயைத் திறந்து, வெளியிலிருந்து தாடைக்கு அடியில் கட்டைவிரலால் அழுத்தி நாக்கைத் தூக்கிப் பார்த்தேன். நாக்கின் வேரில் வெள்ளை நூல் ஒன்று சுற்றி, சதையை அறுத்துக்கொண்டு உள்ளே போயிருந்தது. பூனையின் நாக்கில் இருக்கும் முட்கள் பின்னோக்கிச் சாய்ந்தவை. நூலின் ஒரு முனை வாய்க்குள் போய்விட்டால் அதைத் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கில் மாட்டிக்கொள்ள, மறு முனை குடலுக்குள் இறங்க, குடல் அந்த நூலின் மேல் பாவாடை நாடாவில் சுருக்கம் விழுகிற மாதிரி சுருங்கிக்கொண்டே போகும். கடைசியில் நூல் குடலை அறுத்துவிடும். ஆபரேஷன் செய்து இரண்டடிக்கும் மேல் நூல் எடுத்தோம், பிழைத்துக்கொண்டாள். அந்த அம்மா இப்போது நூல்கண்டை எவர்சில்வர் டப்பாவில் போட்டு மூடித்தான் வைக்கிறார். தறி வீடுகளில் பட்டு இழையும் தையல் மெஷின் வைத்திருக்கிற வீடுகளில் ஊசி நூலும் இதே ஆபத்துதான். பூனையின் பின்பக்கத்தில் நூல் தொங்கினால் இழுக்காதீர்கள். உள்ளே அது எதில் மாட்டியிருக்கிறது என்று தெரியாது. அப்படியே டாக்டரிடம் கொண்டு போங்கள்.

விஷங்களில் முதல் இடம் நம் வீட்டு மருந்துப் பெட்டிக்கு. காய்ச்சலுக்கு நாம் போடும் பாராசிட்டமாலை உடைக்கும் வழி பூனையின் கல்லீரலில் அநேகமாக இல்லை. 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்று போதும், பெரிய பூனையே செத்துப்போகும். கால் மாத்திரையும் ஆபத்துதான். முகமும் பாதமும் வீங்கும், ஈறு பழுப்பாகிவிடும், மூச்சுத் திணறும். கொடுத்த சில மணி நேரத்துக்குள் தெரிந்தால் மாற்று மருந்து இருக்கிறது, அதனால் கொடுத்துவிட்டிருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். யாரும் திட்டப் போவதில்லை. பூனையின் இயல்பான சூடே 100.5 முதல் 102.5 டிகிரி ஃபாரன்ஹீட். தொட்டால் சுடுகிறதே என்று மாத்திரை கொடுத்த வீடுகள் உண்டு.

அடுத்தது லில்லி. ஏற்காட்டில் பழைய பங்களாத் தோட்டங்களிலும், கோடை விழாவுக்குப் போய்ச் செடி வாங்கி வருகிறவர்கள் வீட்டுத் தொட்டியிலும் இருக்கிறது. பெரிய இதழ், நீண்ட மகரந்தத் தண்டு உள்ள அசல் லில்லியும், ஒரே நாளில் வாடும் டே லில்லியும் பூனையின் சிறுநீரகத்தை இரண்டு மூன்று நாளில் முடித்துவிடும். இலை வேண்டாம், உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை நக்கினாலே போதும், ஜாடித் தண்ணீரைக் குடித்தாலும் போதும். பூனை இருக்கும் வீட்டுக்குள் அந்தப் பூவே வேண்டாம். எலி மருந்து பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. நீங்கள் வைக்காவிட்டாலும் பக்கத்து வீட்டில் வைத்த மருந்தைத் தின்ற எலியை உங்கள் பூனை பிடிக்கலாம், அதை மட்டும் நினைவில் வையுங்கள்.

ஏப்ரல், மே மாதங்களில் சேலத்தில் வெயில் 40 டிகிரியைத் தொடும்போது தகரம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை வீட்டில் பூனையைப் பூட்டிவிட்டுப் போகாதீர்கள். வாயைத் திறந்து மூச்சு வாங்கி, எச்சில் ஒழுகிச் சாய்ந்தால் சாதாரணத் தண்ணீரில் உடம்பை நனைத்து ஃபேனுக்கு அடியில் வைத்து, உடனே கிளம்புங்கள். ஐஸ் தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

கருத்தடை ஆபரேஷனை நோய்ப் பேச்சில் ஏன் கொண்டுவருகிறேன் என்றால், பாதி நோய்களுக்கு அதுதான் தடுப்பு. பெட்டை நாலைந்து மாதத்திலேயே சினையாகிவிடும், ஏறக்குறைய 63 நாளில் குட்டி போடும். ஆபரேஷன் செய்யாத பெட்டைக்குக் கருப்பையில் சீழ் பிடிக்கும். வயதான பிறகு மடியில் கட்டி வரும், பூனைக்கு வரும் மடிக்கட்டிகளில் பெரும்பாலானவை புற்றுநோய். ஆறு மாதத்துக்குள் ஆபரேஷன் செய்துவிட்டால் அந்த ஆபத்து 91 சதவீதம் குறைகிறது. ஒரு ஈற்று குட்டி போட்டால்தான் நல்லது என்பதில் எந்த உண்மையும் இல்லை. பருவத்தை நிறுத்த மாத்திரை கேட்டு மெடிக்கலுக்குப் போகாதீர்கள், அதுவே சீழையும் கட்டியையும் வரவழைக்கும். கடுவனுக்குச் செய்தால் ஊர் சுற்றுவதும் சண்டையும் குறையும். சண்டையில் பட்ட கடி வெளியே ஊசிக் குத்து மாதிரிதான் தெரியும். உள்ளே சீழ் கட்டி மூன்றாம் நாள் எலுமிச்சை அளவுக்கு வீங்கும். மஞ்சள் பற்றுப் போட்டால் மேலே மூடிக்கொண்டு உள்ளே பரவும். அதைத் திறந்து கழுவ வேண்டும். ரத்தத்தில் பரவும் எய்ட்ஸ் போன்ற ஒரு வைரஸும் இந்தக் கடி வழியாகத்தான் பூனைக்குப் பூனை போகிறது, மனிதருக்கு வராது. மனிதருக்கு வருவது வெறிநோய். அது நாயிடமிருந்து மட்டும்தான் வரும் என்று நினைக்காதீர்கள். பூனை கடித்தாலோ ரத்தம் வரப் பிறாண்டினாலோ ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.

பத்து வயதைத் தாண்டிய பூனைக்குச் சிறுநீரகம் முக்கியம். தண்ணீர் நிறையக் குடிக்கும், மூத்திரம் நிறையப் போகும், மெதுவாக இளைக்கும். நல்லாத் தண்ணி குடிக்கிறான் என்று வீட்டில் சந்தோஷப்படுவார்கள். சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கிரியாட்டினின் என்ற கழிவு ரத்தத்தில் கூடித் தெரிவதற்குள் சிறுநீரகத்தின் முக்கால் பங்கு போயிருக்கும், அதனால் எட்டு வயதிலிருந்து வருடம் ஒரு ரத்தப் பரிசோதனை. சர்க்கரை நோயும் இதே போலத்தான் தொடங்கும். வாய் நாறினால், சாப்பாட்டை முகர்ந்துவிட்டுக் கத்திக்கொண்டு விலகினால் பல், ஈறு. திடீரென்று பின்னங்கால் இரண்டும் விழுந்து, பாதம் சில்லிட்டு, பூனை அலறினால் இதய நோயால் ரத்தக் கட்டி போய் அடைத்திருக்கிறது. அடிபட்டது என்று நினைத்து எண்ணெய் தேய்த்துக்கொண்டிருக்க வேண்டாம்.

இளம் பூனைக்கு வயிறு மட்டும் பெருத்து, காய்ச்சல் எந்த ஊசிக்கும் இறங்காமல் இருந்தால் எஃப்.ஐ.பி. என்ற நோயாக இருக்கலாம். பூனைகளுக்கே உரிய ஒரு கொரோனா வைரஸ் உடம்புக்குள் உருமாறுவதால் வருவது. நான் தொழிலுக்கு வந்த காலத்தில் இதைக் கண்டுபிடித்தால் கருணைக் கொலை தவிர எதுவும் சொல்ல முடியாது. 2019 வாக்கில் அமெரிக்காவில் ஒரு மருந்தைச் சோதித்து இது குணமாகும் என்று காட்டினார்கள். பன்னிரண்டு வாரச் சிகிச்சை, செலவு அதிகம். ஆனால் எழுந்து நடக்கின்றன. ஆகவே இந்தப் பெயரைக் கேட்டதும் மனம் விட்டுவிடாதீர்கள்.

இனி உங்கள் இரண்டு பேருக்கும். குட்டியைக் கடுவனோடு சேர்க்காமல் இரண்டு வாரம் தனி அறையில் வையுங்கள், தட்டும் கிண்ணமும் தனி. அடிவாரத்திலிருந்து அது என்ன கொண்டுவந்திருக்கிறது என்று தெரிய அவ்வளவு நாள் வேண்டும். புழு மருந்தும் முதல் தடுப்பூசியும் இந்த வாரமே. கடுவன் சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வரும்போது அவன் மேல் ஆஸ்பத்திரி வாசம் இருக்கும். குட்டி சீறும், அவன் பயந்துபோவான். ஒரு நாள் அவனைத் தனியாக விடுங்கள், அவன் எப்போதும் படுக்கிற துணியால் உடம்பைத் துடைத்துவிடுங்கள். அடைப்பு எடுத்த பிறகு முதல் ஒரு வாரம்தான் மறுபடி அடைத்துக்கொள்ள வாய்ப்பு அதிகம். அந்த ஒரு வாரம் காலையிலும் ராத்திரியும் தட்டில் ஈர உருண்டைகளை எண்ணி நாள்காட்டியில் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நாலு இருக்க வேண்டும். ஒன்றும் இல்லாமல் அரை நாள் போனால் மறுபடி கூடையை எடுங்கள்.